எதிர்போல் தோன்றும் ஒருபொருட் சொற்கள்: ஓர் அறவியல் நோக்கு

மொழியைக் கருவி என்பார் உளர். கண்ணாடி என்பாரும் உளர். கருவியாயின் அது பிடித்த கையையே வெட்டவும் கூடும். கண்ணாடியாயின் இடத்தை வலமாகக் காட்டவும் கூடும். ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்ற நம்மனோர்க்கு இவ்விரு தன்மைகளும் ஒருங்கே புலப்படும் இடம் ஒன்றுண்டு. பார்வைக்கு ஒன்றுக்கொன்று எதிராக நின்று, பொருளில் ஒன்றாகவே முடியும் சொல்லிணைகளையே இங்குக் கருதுகின்றேன். அவற்றை மொழி விநோதம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆயின், அவற்றால் விளையும் பிழைக்கு யார் பொறுப்பு என்ற வினா சிரிப்பில் அடங்குவதன்று. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சில எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். ஆங்கிலத்தில் 'ஃபிளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. 'இன்ஃபிளேமபிள்' என்றாலும் எளிதில் தீப்பற்றக்கூடியதே. 'ஹபிட்டபிள்' என்பது குடியிருக்கத்தக்கது. 'இன்ஹபிட்டபிள்' என்பதும் குடியிருக்கத்தக்கதே. 'லூசன்' என்பது தளர்த்துதல். அதன் முன் 'அன்' சேர்ந்து 'அன்லூசன்' ஆனாலும் தளர்த்துதலே. 'ராவல்' என்பது நூலைப் பிரித்தல். 'அன்ராவல்' என்பதும் பிரித்தல். இவற்றுள் 'ராவல்' சிக்கலாக்குதலையும் சிக்கலெடுத்தலையும் ஒருங்கே குறிக்கும் என்பது மேலும் ஒரு சிக்கல். 'வேல்யுவபிள்' மதிப்புடையது, 'இன்வேல்யுவபிள்' மதிப்பில்லாதது என்று நினைப்போமாயின் தவறினோம், அது மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது.

இவற்றுக்குக் காரணம் ஆங்கிலேயரின் மனக்குழப்பம் அன்று. சொற்களின் வரலாறே ஆகும். இலத்தீன் மொழியில் 'இன்' என்ற வடிவம் இரண்டு உண்டு. ஒன்று எதிர்மறை முன்னொட்டு. மற்றொன்று 'உள்ளே' எனப் பொருள்படுவது. முன்னையது 'இன்கரெக்ட்' போன்ற சொற்களில் வந்தது. பின்னையது தீயை உள்ளே மூட்டுதல் என்ற பொருளில் 'இன்ஃபிளேம்' என்னும் வினையில் வந்தது. தாயும் மகளும் ஒரே பெயர் தாங்கியது போன்ற நிலை இது. உருவம் ஒன்று, உயிர் வேறு. உண்மையில் 'இன்ஃபிளேமபிள்' என்பதே மூத்த சொல்; 'ஃபிளேமபிள்' பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தில் தோன்றிய இளைய சொல்.

நம் மொழி இவ்விடயத்தில் தூய்மையானது என்று பெருமை கொள்ளவும் இடமில்லை. வடமொழியில் 'கோரம்' என்பது அச்சந்தருவது. 'அகோரம்' அதன் மறுதலை. ஆனால் தமிழில் வழங்கும்போது, 'கோர யுத்தம்' என்றும் 'அகோர யுத்தம்' என்றும் ஒரே யுத்தத்தையே எழுதுகின்றோம். 'அகோர வெயில்' என்றால் இதமான வெயில் என்று எவரும் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. 'மதிப்பற்ற பொருள்' குப்பைக்குரியது. 'விலைமதிப்பற்ற பொருள்' பேழைக்குரியது. அன்றாட வழக்கில் வீட்டை விட்டுப் புறப்படுபவர் 'போகிறேன்' என்னாது 'வருகிறேன்' என்பார். போவதும் வருவதும் எதிர்வினைகள். விடைபெறும் வாசலில் அவை ஒன்றாகிவிடுகின்றன.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பானதா, மக்கள் இணக்கத்தால் ஆனதா என்ற வினாவைப் பிளேட்டோ தமது 'கிராத்திலஸ்' என்னும் உரையாடலில் எழுப்பினார். ஒரு சொல் இப்பொருளை உணர்த்துவதற்கான காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது எனத் தொல்காப்பியர் உரியியலில் உணர்த்தியிருப்பதும் ஈண்டு நோக்கற்பாலது. ஆகவே சொல்லின் புறத்தோற்றத்தைக் கொண்டு பொருளை அளக்க முயல்பவன், ஆளின் சட்டையைக் கொண்டு அவன் குணத்தை அளப்பவனை ஒப்பான். இதனை நான் நூலிற் படித்து அறிவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வேறொரு வழியில் அறிந்தேன்.

நான் கொட்டகலைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்போது ஏழாந் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்தில் ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே ஆதலால், மருந்துப் போத்தல் முதல் வங்கிக் கடிதம் வரை என்னிடமே வரும். தீபாவளிக்கு முன்னைய வாரம் பெரியம்மா கதவுக்கு வர்ணம் பூசுவதற்காகப் பாதித் தகரம் தின்னர் வாங்கி வந்திருந்தார். தகரத்தில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது. "தம்பி, இதுல என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டார். நான் எழுத்துக் கூட்டினேன்: 'இன்ஃபிளேமபிள்'. 'ஃபிளேம்' என்றால் சுவாலை என்பது எனக்குத் தெரியும். 'இன்' சேர்த்தால் எதிர்ச்சொல் வரும் என்பது அம்மாதந்தான் வகுப்பில் படித்த பாடம். பத்து எதிர்ச்சொற்களுக்குப் பத்துப் புள்ளியும் பெற்றிருந்தேன். ஆகவே சற்றும் தயங்காமல், "எரியாது பெரியம்மா" என்றேன்.

அன்றிரவு அவர் அடுப்படிக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒரு கோப்பையில் தின்னரை ஊற்றித் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தின்னரின் ஆவி காற்றினும் கனமானது. அது தரையோடு படர்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அது நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கவில்லை. சாக்கைப் போட்டு அயலவர் தீயை அணைத்தனர். வீடு தப்பியது, பெரியம்மாவின் வலக்கை தப்பவில்லை. கொழுந்து பறிப்பவருக்குக் கையே ஏர், கையே வயல். இரண்டு மாதங்கள் அவர் மலைக்குப் போகவில்லை, பேரும் விழவில்லை. மருந்துக்கட்டுடன் திரும்பிவந்த அன்று நான் அழுதுகொண்டே அச்சொல்லின் உண்மைப் பொருளை அவரிடம் கூறினேன். அதற்குள் ஆசிரியரிடம் கேட்டறிந்திருந்தேன். அவர் என்னைக் கடியவில்லை. "எரியும்னா எரியும்னு எழுதக் கூடாதாடா?" என்று மட்டும் கேட்டார்.

எழுத்தறியாத ஒரு பெண் கேட்ட அக்கேள்வி, நான் இங்கு வந்து மெய்யியல் விரிவுரைகளிற் கேட்ட பல கேள்விகளினும் கூர்மையானது என்றே இன்றும் கருதுகின்றேன். இவ்விபத்துக்கு யார் பொறுப்பு? மொழியா? மொழி ஆள் அன்று. அதனைக் கூண்டில் ஏற்ற இயலாது. தகரத்தில் அச்சொல்லைப் பொறித்தவரா? அவர் பொய் எழுதவில்லை. அகராதி அவர் பக்கம் நிற்கும். படித்துச் சொன்ன நானா? நான் கற்ற விதியை வழுவாமல் பிரயோகித்தேன். நூறு சொற்களில் உண்மையான விதி நூற்றோராவது சொல்லிற் பொய்த்தது. எல்லோரும் தத்தம் அளவில் சரியாக நடந்தும் ஒரு கை வெந்தது. குற்றவாளி இல்லாத குற்றம் உண்டா என்பதே நம்முன் உள்ள வினா.

இத்தகைய நிலை எங்கள் லயத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் தீக்காப்புறுதி நிறுவனமொன்றில் தீத்தடுப்புப் பொறியியலாளராகப் பணியாற்றியவர். 1939 இல் எழுதி 1941 இல் வெளியான கட்டுரையொன்றில், பெற்றோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே மிக எச்சரிக்கையாக இருந்த தொழிலாளர், 'வெற்றுப் பீப்பாய்' எனப்பட்டவற்றின் அருகே புகைபிடிப்பதிலும் துண்டுகளை எறிவதிலும் கவனமின்றி இருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். வெற்றுப் பீப்பாயில் ஆவி நிறைந்திருப்பதால் அதுவே பெரிதும் ஆபத்தானது. 'நிறைந்தது', 'வெறுமையானது' என்ற எதிர்ச்சொற்கள் இங்கு ஆபத்து என்ற ஒரே பொருளிற் கூடின. தீ சொல்லைப் படிப்பதில்லை; மனிதன் சொல்லைப் படித்துவிட்டுத் தீயிடம் செல்கின்றான்.

அகராதிப்படி உண்மையான ஒரு சொல், உண்மையாகவே உண்மைதானா? வள்ளுவர் வாய்மை என்ற அதிகாரத்தில், உள்ளதை உள்ளவாறு உரைத்தலை மாத்திரம் வாய்மைக்கு வரைவிலக்கணமாகக் கொள்ளவில்லை. பிறர்க்குத் தீங்கு பயவாமையை அதன் உரைகல்லாகக் கொண்டார். இக்கருத்தைப் பொதுவாக, நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்பதற்கே மேற்கோளாக்குகின்றோம். அதற்கு மறுபக்கமும் உண்டு. தீங்கு பயவாத பொய் வாய்மைக்கு நிகராகுமெனின், தீங்கு பயக்கும்படி அமைந்த மெய் வாய்மையினின்றும் வழுவியதாகும் அன்றோ! சொல்பவன் வாயை விட்டகன்றவுடன் சொல் முடிந்துவிடுவதில்லை. கேட்பவன் செயலிலேயே அது முடிகின்றது. அங்கு என்ன விளைகின்றது என்பதில் சொல்பவனுக்கும் பங்குண்டு.

இதற்கு வலுவான மறுப்பொன்று கூறப்படலாம். 'கேட்பவர் யாவருக்கும் விளங்குமாறே சொல்லவேண்டுமெனின், மொழி குழந்தைப் பேச்சாகிவிடும். கவிதையும் நுண்பொருளும் அழியும். கற்பது கற்பவன் கடமை. அறியாதவனுக்காக அறிந்தவன் சொல்லை மாற்றுவானேன்?' என்பர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. ஆயினும் ஆங்கிலம் பேசுவோரே இதற்கு விடை கண்டுள்ளனர். 'இன்ஃபிளேமபிள்' என்ற சொல் உயிராபத்துக்கு இடமாகும் என உணர்ந்த அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம், 1920களிலேயே 'ஃபிளேமபிள்' என்ற சொல்லை வழங்குமாறு வற்புறுத்தியது. பிரித்தானியத் தரநிர்ணய நிறுவனமும் 1959 இல் அதே கொள்கையை மேற்கொண்டது. தாய்மொழியாகப் பேசுவோரே தடுமாறிய சொல்லில் தோட்டத்துச் சிறுவன் தடுமாறியது வியப்பன்று. அவர்கள் கவிதையிலிருந்து அச்சொல்லை அகற்றவில்லை. தகரத்திலிருந்தே அகற்ற முயன்றனர். இவ்வேறுபாடு முக்கியமானது.

எனவே இத்தகைய சொற்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. அவற்றை அளப்பதற்கு மூன்று வினாக்களை முன்வைக்கலாம் என எண்ணுகின்றேன். பிழை நேர்ந்தால் அதன் விலையைச் செலுத்துபவர் யார்? கேட்பவர் திருப்பி வினவக்கூடிய நிலையில் உள்ளாரா? அச்சொல் வழக்கு இருதிறத்தாருக்கும் பொதுவானதா? 'இன்வேல்யுவபிள்' என்பதைப் பிழையாக விளங்கிக்கொண்டவன் பரீட்சையில் ஒரு புள்ளி இழப்பான். இழப்பவனும் அவனே, திருத்திக்கொள்பவனும் அவனே. தகரமோ பேசாது, அதனிடம் மறுகேள்வி கேட்கமுடியாது.

நம் இலக்கணத்தார் தகுதி வழக்கில் 'மங்கலம்' என்று வகுத்தவை இம்மூன்று வினாக்களுக்கும் விடையளித்துத் தேறுவன. சுடுகாட்டை நன்காடு என்றனர். செத்தாரைத் துஞ்சினார் என்றனர். கரிய ஆட்டை வெள்ளாடு என்றனர். இவையும் எதிர்ச்சொற்களே. ஆனால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே வழக்கில் நிற்பதால் எவரும் ஏமாறுவதில்லை. நன்காடு என்பது கேட்டுக் குடியிருக்கச் சென்றவர் எவருமில்லை. இங்கு எதிர்ச்சொல் உண்மையை மறைக்கவில்லை. துயரத்தின் மேல் மெல்லிய துணியைப் போர்த்துகின்றது. அவ்வாறே 'வருகிறேன்' என்ற சொல்லும் அன்பின் இலக்கணம். ஆகவே எதிர்போல் நிற்பது குற்றமன்று. எதிர்போல் நிற்பதனால் ஒருவன் பயன்பெற்று, மற்றவன் விலை செலுத்துவதே குற்றம்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மலையகத்தின் வரலாற்றைப் பார்த்தால், தின்னர்த் தகரத்தினும் பெரிய தகரங்கள் பல தென்படும். மொறீசியஸ், நேற்றால், பீஜி முதலிய இடங்களுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தத்தாற் கட்டுண்டவர் எனவும், இலங்கைக்கு வந்தோர் 'சுதந்திரத் தொழிலாளர்' எனவும் அழைக்கப்பட்டனர். ஒன்று கட்டு, மற்றது விடுதலை. சொல்லளவில் நேர் எதிர். ஆயின் கங்காணியிடம் பெற்ற முற்பணம் கடனாகி, கடன் கயிறாகி, ஒப்பந்தம் பிணித்தது போலவே பிணித்தது. தோட்டம் மாற விரும்பிய தொழிலாளிக்குத் 'துண்டு' என்ற சீட்டு வழங்கப்பட்டது. குறிப்பிட்ட கடனைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்பது அதன் வாசகம். தோற்றத்தில் அது விடுதலைச் சீட்டு. நடைமுறையில், புதிய தோட்டம் பழைய கடனைச் செலுத்தி அதனைத் தொழிலாளியின் தலையிலேயே மீண்டும் ஏற்றியதால், அது கடன் கைமாறும் சீட்டு. 1921 இல் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்படும்வரை, விடுவித்தலும் பிணித்தலும் ஒரே தாளில் ஒரே பொருளாய் இருந்தன.

இதனினும் ஆழமானது 'தாயகம் திரும்புதல்' என்ற தொடர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் எனக் கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாகப் பங்கிட்டது. இந்தியா சென்றோர் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். அவர்களுட் பலர் இம்மலைகளிலேயே பிறந்தவர்கள், கடலைக் கண்டறியாதவர்கள். சென்றறியாத இடத்துக்குத் திரும்புவது எவ்வாறு? பிறந்த மண்ணை விட்டு அகற்றப்படுதலும் தாயகம் திரும்புதலும் சொல்லில் எதிர்; அவர்கள் வாழ்வில் ஒன்றே. இங்கு இந்தியாக்காரர் எனப்பட்டோர் நீலகிரியில் சிலோன்காரர் எனப்பட்டதும் அதே இலக்கணத்தின் மற்றோர் உதாரணமே.

மக்கள் மட்டும் ஏமாறவில்லை. அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அரசாங்கத்தின் சொல் மங்கலமாய் இருக்க, மக்களின் சொல் மெய்யாய் இருந்தது. கொட்டகலையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் வண்டி சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைந்து மறையும். அதற்குமுன் யன்னலுக்கு வெளியே நீண்ட கைகள் 'போய் வருகிறோம்' என்றே கூறியிருக்கும். அந்த 'வருகிறோம்' என்ற சொல்லில் அன்று அன்பு இருந்தது, வருதல் இருக்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1986, 1988, 2003 ஆம் ஆண்டுகளில் நிறைவேறின. ஒரு சொல்லைத் திருத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இனி, என் வழக்குக்கு மீள்கின்றேன். மேற்கூறிய அளவுகோல் பிறரை அளப்பதற்கு மட்டும் உரியதாயின் அது அறமாகாது. தகரத்தில் எழுதியவருக்குப் பொறுப்புண்டு என்று காட்டியதனால் என் பொறுப்பு நீங்கிவிடுமா? நான் பொருள் அறியாதிருந்தது குற்றமன்று. ஏழாந் தரச் சிறுவன் இலத்தீன் அறிந்திருக்க வேண்டியதில்லை. பொருள் எனக்கு ஐயமாய் இருந்தும், ஐயத்தை அறிவாகக் காட்டியதே குற்றம். இரண்டு வீடு தள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் லயத்தின் ஒரே படிப்பாளி என்ற பெயர் குறையுமே என்ற எண்ணம் எங்கோ ஓரத்தில் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றேன். பெரியம்மாவின் கேள்விக்கு விடையாக நான் சொல்லியிருக்க வேண்டியது, 'எரியும்' என்பதன்று, 'எரியாது' என்பதுமன்று, 'தெரியாது' என்பதே. எதிர்ச்சொல்லும் மறுபொருளும் இல்லாத, எவரையும் சுடாத சொல் அது.

பல்கலைக்கழகம் புகுந்த நாம் அனைவரும் யாரோ ஒருவருக்கு எதையோ படித்துச் சொல்லும் நிலையில் உள்ளோம். சட்டத்தையோ, மருத்துவக் குறிப்பையோ, அரசாங்கச் சுற்றறிக்கையையோ நம்மை நம்பி ஒருவர் நீட்டுவார். அவ்வேளை நாம் மொழிபெயர்ப்பாளர் மாத்திரம் அல்லர். அச்சொல்லின் விளைவில் பங்காளிகளும் ஆவோம். எழுதும் நிலையில் உள்ளபோது, நம் சொல்லின் கடைசி வாசகர் யார் என்று எண்ணி எழுதுதலும், படித்துச் சொல்லும் நிலையில் உள்ளபோது, நமக்குத் தெரிந்ததன் எல்லையையும் சேர்த்துச் சொல்லுதலும் கற்றவர் கடன். செந்நிற விளிம்புச் சாய்சதுரத்துள் சுவாலை வரைந்த படத்தை ஐக்கிய நாடுகள் சபை 2003 இல் வெளியிட்ட இரசாயன அடையாள முறை உலகப் பொதுவாக்கியது. எம்மொழியும் அறியாதவரும் அதனைப் படிப்பர். கொட்டகலையின் எரிபொருட் களஞ்சியத்துக்கு வந்துபோகும் பவுசர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அப்படமே நினைவுக்கு வருகின்றது.

எல்லாவற்றையும் படமாக்கிவிட முடியாது. நாடு, உரிமை, விடுதலை, தாயகம் என்பவற்றுக்குப் படம் இல்லை, சொல்தான் உண்டு. அச்சொற்களை நாம் பிறருக்கு எழுதிக் கொடுக்குமுன், எரியுமெனின் எரியும் என்றே எழுதியுள்ளோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.